கரை காலியாகக் கிடந்த காலை

முதுகலை மாணவர்களுக்கு நான் ஆப்பிரிக்க நாவல்கள் நடத்துகிறேன். செங்கல்பட்டில், ரயில் சத்தம் வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய ஒரு வகுப்பறையில். விடுதலைக்குப் பிறகு அந்தக் கண்டத்தில் எழுதப்பட்ட நாவல்களில் ஓர் ஆள் அடிக்கடி வருவான். முதல் பாதியில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போவான். ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பின்பாதியில் அவன் கார் போவதற்காக அதே ஜனங்களை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். இந்த இடம் வரும்போது மதுராந்தகத்துப் பையன் எவனாவது, "மிஸ், இது எங்க ஊரு சேர்மன் மிஸ்" என்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டுவதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அந்தப் பக்கங்கள் வந்தால் மாணவர்களையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறேன். தொண்டை சரியில்லை என்று சொல்வேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. அந்த ஆள் என் அண்ணன்.

அந்த நாவல்களை எனக்கு அறிமுகப்படுத்தியதே அவன்தான் என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். எங்களுடையது திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் அண்ணன். சென்னையில் சட்டம் படித்தபோது நடைபாதைக் கடைகளில் அட்டை கிழிந்த புத்தகங்களாகப் பொறுக்கிக்கொண்டு வருவான். அவனுக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. மடியில் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டாத குறையாகப் படிப்பான். நான் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பின்னாலேயே வந்து கதை சொல்வான். ஒருநாள், ஒரு நாவலில் ஊரே நம்பிய தலைவன் கடைசியில் கம்பெனிக்காரனோடு கை குலுக்கும் இடம் வந்தது. புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். "ஜனங்க எவ்ளோ நம்பனாங்க! த்தூ, மனுசனா அவன்?" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதை இன்றைக்கும் யார் முன்னாலும் சத்தியம் செய்வேன். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசக்காது.

வக்கீலான பிறகும் கொஞ்ச காலம் அவன் அந்த மொட்டைமாடி ஆளாகத்தான் இருந்தான். ஏரியை வளைத்துப் போட்டவர்கள் மீது வழக்குப் போட்டான். செங்கல் சூளையில் அடைபட்டுக் கிடந்த குடும்பங்களை வெளியே கொண்டுவந்தான். வழக்குக்காரர்கள் ஃபீஸுக்குப் பதிலாகக் கொடுக்கும் கருவாட்டையும் பூசணிக்காயையும் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். அண்ணியின் முணுமுணுப்பை மீறி எனக்கு அவனைப் பற்றி அப்படியொரு பெருமை.

அப்புறம் ஒரு தொலைக்காட்சிக்காரன் அவனைக் கண்டுபிடித்தான். விவாத நிகழ்ச்சியில் உட்கார வைத்துப் பெயருக்குக் கீழே 'சமூக ஆர்வலர்' என்று ஓடவிட்டான். அந்த இரண்டு வார்த்தை என் அண்ணனை என்ன பாடு படுத்தியது என்று சொல்லி மாளாது. எந்தப் பக்கம் கேமரா என்று பார்த்து உட்காரப் பழகினான். பேச்சின் நடுவே நிறுத்தி, கீழே குனிந்து, பிறகு மெல்ல நிமிரப் பழகினான். வீட்டில் சட்னியில் உப்பு போதவில்லை என்பதைக்கூட அப்படித்தான் சொன்னான். மேடைகளில், "ஆப்பிரிக்காவில் ஓர் எழுத்தாளர் சொன்னார்" என்று ஆரம்பித்து ஏதாவது ஒன்றை விடுவான். ஆப்பிரிக்காவில் எவரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால், "சொல்லியிருந்தா நல்லாத்தானே இருந்திருக்கும்?" என்பான். நான் அதற்கும் சிரித்தேன்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி உண்டு. திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு குப்பத்துக்காரி. கணவன் ஃபைபர் படகில் போய்ப் பிடித்துவருவதை அலுமினிய அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவாள். தெரு முனையில் நுழையும்போதே குரல் வந்துவிடும். பேரம் பேசினால், "காலேஜுல பாடம் சொல்றவ, கால் ரூவாய்க்கு சண்ட போடுறியே" என்று மானத்தை வாங்குவாள். அவள் ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு, விலை சொல்லாமல் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். குப்பத்துக்கு வடக்கே ஒரு சொகுசு விடுதி வந்துகொண்டிருந்தது. அவர்களுக்குத் தங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் மணலும் வேண்டுமாம். குப்பத்துப் படகுகள் நிற்பது அந்த மணலில்தான்.

"பட்டா இருக்காக்கா?" என்று கேட்டேன். படித்தவள் கேட்கும் கேள்வி.

"கடலுக்கு யாரு டீச்சரம்மா பட்டா குடுப்பான்? எங்க மாமனாரு படகு நின்ன எடத்துல எங்க படகு நிக்கிது. பக்கத்து எடம் பக்கத்து வூட்டுது. படகு நிக்கிதே, அதான் பட்டா" என்றாள்.

அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கரையைக் காலியாக விடக் கூடாது. சாவு விழுந்து ஊரே கடலுக்குப் போகாத நாளிலும் படகுகள் மணலில் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்து படகுகளை மேட்டில் ஏற்றினாலும், ஓடாத பழைய கட்டுமரம் ஒன்று கீழே கிடக்கும். சுனாமியில் எல்லாம் நொறுங்கிப் போனபோது, உடைந்த பலகைகளைப் பொறுக்கி அவரவர் இடத்தில் நட்டு வைத்தார்களாம். சோறு இல்லை, துணி இல்லை, ஆனால் பலகை நட்டார்கள். இதை அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

விடுதி விவகாரம் செய்தியில் வந்ததும் அண்ணன் தானாகவே குப்பத்துக்குப் போய் நின்றான். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க அண்ணாத்த வந்துட்டாரு டீச்சரம்மா, இனிமே எவன் வருவான்?" என்று சொல்லி, கேட்காமலேயே ஒரு பிடி நெத்திலியை அதிகம் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே கூட்டம் போட்டான். நானும் போயிருந்தேன். வலை பின்னும் கொட்டகையில் ஊர்ப் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வெளியே நின்றார்கள். அண்ணன் தன் திட்டத்தைச் சொன்னான். குப்பத்துப் படகுகள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் ஈசிஆர் சாலையில் நிறுத்துவது. தார்ச்சாலை முழுக்கப் படகுகள். தமிழ்நாடே திரும்பிப் பார்க்கும்.

கூட்டத்தில் ஒரு வயதானவர், "கரைய காலியா வுட மாட்டோம் தம்பி, அது பழக்கம் இல்ல" என்றார்.

"ஒரே நாளு பெரியவரே. சாயங்காலம் திருப்பி எறக்கிடலாம். பாதி படகு ரோட்டுல, பாதி மணல்லன்னா டிவில என்னா தெரியும்? இவங்களுக்குள்ளயே ஒத்துமை இல்லன்னு சொல்லுவான்."

"கட்டுமரமாவது கெடக்கட்டும்."

"அதுதான் முக்கியமா வேணும். அது மேல நின்னுதான் நான் பேசப் போறேன்."

பஞ்சாயத்தார் நெடுநேரம் பேசிவிட்டுச் சரி என்றார்கள். அந்தக் குப்பங்களில் ஊர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. ஒரு வீடு விடாமல் செய்வார்கள். கட்டுப்பாடு இல்லாத ஊராக இருந்திருந்தால் எவனாவது ஒரு முரடன், "நீ போய்யா, நான் வரல" என்று தன் படகை மணலிலேயே விட்டிருப்பான். அந்த ஒரு படகு போதுமாயிருந்திருக்கும். அவர்கள் ஒற்றுமையாக இருந்து கெட்டார்கள். இப்படி ஒரு அநியாயத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

போராட்டத்தன்று கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். விடியற்காலையிலிருந்தே டிராக்டர் கட்டி இழுத்தும், தோள் கொடுத்துத் தூக்கியும் படகுகளைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீலமும் சிவப்புமாகப் படகுகள் தார்ச்சாலையில் வரிசையாக நின்றன. மாமல்லபுரம் பஸ்கள் ஒருபக்கமும், ஐடி கம்பெனி வேன்கள் ஒருபக்கமும் தேங்கி நின்றன. பெண்கள் படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். அக்கா தன் படகின் மூக்கில் கை வைத்தபடி நின்றாள். என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தாள்.

அண்ணன் கட்டுமரத்தின் மேல் ஏறினான். தூய வெள்ளைச் சட்டை. கீழே குனிந்து, மெல்ல நிமிர்ந்து பேசினான். நன்றாகத்தான் பேசினான், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்க எழுத்தாளரும் வந்தார். மண்ணை இழந்தவன் பாடலையும் இழப்பான் என்று அவர் சொன்னாராம். கேமராக்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஊர் மொத்தமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சவுக்குத் தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "வேலி போடுறாங்க, வேலி போடுறாங்க!"

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிக் கம்பங்கள் மணலில் ஏறிவிட்டன. மீதியை எந்திரம் வைத்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். கம்பி வலைச் சுருள்கள் வரிசையாகக் கிடந்தன, அவற்றுக்கு முன்னால் போலீஸ் நின்றது. தலைக்கு மேலே ஒரு ட்ரோன் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு படகுகூட இல்லாத அந்த மணல் அத்தனை சுத்தமாக இருந்தது. யாரும் அங்கே ஒருநாளும் வாழவில்லை என்பதுபோல.

சாயங்காலம் படகுகளைத் திருப்பி இறக்க வழியில்லை. சில நாள் சாலையோரத்திலேயே வெயிலில் காய்ந்தன. பிறகு பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் முகம் கொடுத்தும் கொடுக்காமலும் கொஞ்சம் இடம் விட்டார்கள். அங்கே நிறுத்தும் ஒவ்வொரு நாளும் சண்டை. அக்காவின் கணவன் அந்தச் சண்டையில் வெறுத்துப்போய் கடலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டான். அவள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் யாரோ பிடித்த மீனை வாங்கி விற்க ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் அவள் குரல் இறங்கிவிட்டது. நான் பேரம் பேசினாலும் பதிலுக்கு ஏசுவதில்லை.

அண்ணன் தொலைக்காட்சியில் கொதித்தான். வழக்குப் போடுவதாகச் சொன்னான், போட்டான். வாய்தா வந்தது, இன்னொரு வாய்தா வந்தது. விடுதிக்காரர்கள் தங்கள் ட்ரோன் எடுத்த படங்களைக் காட்டி, அங்கே மீன்பிடித் தொழிலே நடக்கவில்லை என்றார்கள். அண்ணனின் கொதிப்பு மெல்ல மெல்ல ஆறியது. பிறகு ஒருநாள் பேப்பரில் அவன் படம் வந்தது. விடுதிக்கும் மீனவர்களுக்கும் நல்லிணக்கம் உண்டாக்க ஒரு குழுவாம். அதற்கு அவன் ஆலோசகராம். தோளில் பொன்னாடை. அடுத்த மாதமே ஒரு கட்சியில் மாவட்ட அளவில் ஒரு பதவியும் கிடைத்தது.

அந்தச் செய்தியோடு அவன் எங்கள் வீட்டுக்கு ஸ்வீட் பெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். நான் பெட்டியைத் தொடவில்லை.

"அண்ணா, அன்னிக்கு வேலி போடப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் இல்லை என்று சொல்வான் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்புவதற்கு அப்படித் தயாராக இருந்தேன்.

"தெரியும்னா என்னா அர்த்தம்?" என்றான் சாவகாசமாக. "அவன் என்னிக்கு இருந்தாலும் வேலி போடத்தான் போறான். படகு நிக்கும்போது வந்திருந்தா அடிதடி ஆயிருக்கும். நாலு பேரு மண்ட ஒடஞ்சிருக்கும், பத்து பேரு ஜெயிலுக்குப் போயிருப்பான். யாருக்கும் ஒரு கீறல் இல்லாம முடிச்சிக் குடுத்தேன். கடலுக்குப் போவ வழியும் வாங்கிக் குடுத்திருக்கேன்."

வேலிக்கும் பக்கத்து மனைச் சுவருக்கும் நடுவில் அவன் வாங்கிக் கொடுத்த வழியை நான் பார்த்திருக்கிறேன்.

"அந்த வழில படகு போவுமா?"

"ஆளு போவும் இல்ல?" என்றான். "நீ நாவல்ல இருக்கிற அரசியல பேசுற. நெஜத்துல இப்படித்தாம்மா."

அவன் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மொட்டைமாடியில் புத்தகத்தைத் தூக்கி எறிந்தானே, அந்தக் கோபத்தின் ஒரு பொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. தன்னை நல்லவன் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நாவல்களில் வருகிறவர்களாவது ராத்திரியில் தூக்கம் கெட்டுப் புரளுவார்கள். என் அண்ணன் தானே பெட்டியைப் பிரித்து ஒரு பாதுஷாவை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இதற்கெல்லாம் பிறகு குப்பத்துக்காரர்கள் கொடுத்த மனுவின் பேரில் அரசு அதிகாரிகள் ஒரு விசாரணை வைத்தார்கள். அங்கே படகுகள் நின்றனவா இல்லையா என்பதுதான் கேள்வி. அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அன்று கூடையில் மீன் இல்லை.

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும் டீச்சரம்மா. அன்னிக்கு காலைல வரைக்கும் படகு மணல்லதான் நின்னுச்சு, உங்க அண்ணாத்ததான் எடுக்க சொன்னாருன்னு சொன்னா போதும். நாங்க சொன்னா மீன்காரி கத்துறான்னு தள்ளிடுவாங்க. நீ படிச்சவ. அவரு கூடப் பொறந்தவ. தங்கச்சியே சொல்லுதுன்னா தட்ட முடியாதில்ல?"

வருகிறேன் என்றேன். எப்படியோ சேதி போய், அன்று சாயங்காலமே அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது. அம்மா அண்ணனோடுதான் இருக்கிறாள். "கூடப் பொறந்தவனப் போயி ஆபீசுல காட்டிக் குடுப்பியாடி? என் கண்ணு மூடற வரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்று அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அம்மா என்னோடு பேசுவதில்லை.

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில் நடந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு பேர், விடுதிக்காரர்கள், நல்லிணக்கக் குழு சார்பில் என் அண்ணன். கூடையும் கையுமாக வந்த அக்காவைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். அன்று காலைவரை படகுகள் மணலில் நின்றன. என் அண்ணன் சொல்லித்தான் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். வேலி போடப்போவது அவருக்கு முன்பே தெரியும், அதை என்னிடம் அவரே சொன்னார். ஒரு வார்த்தையும் விடவில்லை.

அதிகாரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கீழே குனிந்தான். மெல்ல நிமிர்ந்தான். சிரித்தான்.

"சார், இது என் தங்கச்சி. காலேஜுல ஆப்பிரிக்க நாவல் நடத்துறாங்க. அந்த நாவல்ல எல்லாம் தலைவன்னா கண்டிப்பா துரோகியாத்தான் இருப்பான். வருசம் பூரா அதையே நடத்தி நடத்தி, வூட்டுலயும் ஒருத்தனத் தேடிக் கண்டுபுடிச்சிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரித்தார், விடுதிக்காரர்கள் சிரித்தார்கள். பஞ்சாயத்தார் இருவரில் ஒருவரும், சிரிக்காவிட்டால் மரியாதையில்லையோ என்று பயந்து சிரித்தார். "லிட்டரேச்சரா மேடம்? என் பொண்ணும் லிட்டரேச்சர்தான்" என்றார் அதிகாரி அன்பாக. "நோட் பண்ணிக்கறோம். ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

என் வாழ்நாளில் அப்படியொரு அவமானத்தை நான் பட்டதில்லை. அவன் எனக்குக் கொடுத்த புத்தகங்களாலேயே என் வாயை அடைத்தான். டீ குடிக்காமல் இறங்கி வந்தேன்.

அக்கா வேப்பமரத்தடியில் கூடை பக்கத்தில் குந்தியிருந்தாள். மாடி ஜன்னல் திறந்திருந்ததால் சிரிப்புச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"சிரிச்சாங்களே, இன்னா சொன்ன?"

"நடந்ததத்தான் சொன்னேங்க்கா. எல்லாத்தையும் சொன்னேன்."

"அதுக்கா சிரிச்சாங்க?"

"என்னப் பாத்து சிரிச்சாங்க."

"சிரிச்சிட்டுப் போறானுங்க. நீ சொன்னத எழுதிக்கினாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நான் பேசி முடிக்கும்வரை அதிகாரியின் இரண்டு கைகளும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இல்லக்கா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நீ ஒண்ணும் சொல்லல டீச்சரம்மா" என்றாள். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள்.